கண் ஊசி ஏன் ஒன்றோடு நிற்பதில்லை?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. விழித்திரையில் ரத்தக்குழாய் கசிகிறது என்று ஐந்து மாதமாகக் கண்ணில் ஊசி போடுகிறார்கள். போட்டதும் வீக்கம் வடிகிறது, கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. பெரிசைட் என்ற செல் செத்துப்போவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று படித்தேன். அது என்ன செல்? ஓட்டையை ஒரேயடியாக அடைத்துவிட முடியாதா?"

நான் கண் மருத்துவர் இல்லை. விழித்திரை ரத்தக்குழாய்ச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. ஆகவே அப்பாவுக்கு அடுத்த ஊசி எப்போது, எந்த மருந்து என்பதையெல்லாம் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். குழாய் ஏன் கசிகிறது, கசிவு ஏன் திரும்புகிறது என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளும்.

"ஓட்டை" என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். வீட்டுக் குழாயில் ஓட்டை விழுந்தால் எம்-சீல் தடவி அடைக்கிறோம். அங்கே குழாய் ஒரு ஜடப்பொருள், ஓட்டை ஒரு இடம். விழித்திரையின் தந்துகியோ முழுக்க உயிருள்ள செல்களால் ஆனது. அதன் விட்டம் ஒரு சிவப்பணு நெளிந்து போகும் அளவுதான். அதன் சுவர், உள்ளே வளைந்து படுத்திருக்கும் ஒன்றிரண்டு செல்களின் மெல்லிய உடம்பு. அவற்றை எண்டோதீலியல் செல் என்பார்கள், நான் இங்கே உட்சுவர்ச் செல் என்றே சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் கிளாடின், ஆக்லூடின் போன்ற புரதங்களால் விளிம்போடு விளிம்பு தைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தையல் இறுகியிருந்தால் ரத்தத்தின் நீரும் புரதமும் வெளியே வராது. செல் நினைத்தால் தையலைத் தளர்த்தவும் முடியும். கசிவு என்று மருத்துவர் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தளர்வுதான். அப்படியானால் தளர்த்தச் சொல்வது யார், இறுக்கச் சொல்வது யார் என்று கேட்க வேண்டும்.

இறுக்கச் சொல்பவர்களில் முக்கியமானவர் நீங்கள் படித்த அந்தப் பெரிசைட். தந்துகியின் வெளிப்பக்கத்தில், பாகற்கொடியின் சுருள் கம்பைப் பற்றிக்கொள்வதுபோல நீண்ட கைகளால் குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் செல் அது. 1873இல் பிரெஞ்சுக்காரரான சார்ல்ஸ் ரூஜே இதை முதலில் விவரித்தார், சுருங்கி விரியக்கூடியதாக இருக்கும் என்றும் சந்தேகப்பட்டார். பெரிசைட் என்ற பெயர் 1923இல்தான் வந்தது, வைத்தவர் சிம்மர்மன். உட்சுவர்ச் செல்லும் பெரிசைட்டும் அடிச்சவ்வு என்ற ஒரே மெல்லிய உறைக்குள் இருக்கின்றன. அந்த உறையில் அங்கங்கே துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஒரு செல்லின் முளை மறு செல்லின் குழியில் போய்ப் பொருந்தும், கதவின் குமிழ் குடத்தில் உட்காருவதுபோல. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வாழும் ஜோடி என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடம்பில் எல்லாத் தந்துகிக்கும் பெரிசைட் உண்டு, ஆனால் ஒரே அளவில் கிடையாது. எலும்புத் தசையில் நூறு உட்சுவர்ச் செல்லுக்கு ஒரு பெரிசைட் இருந்தாலே அதிகம். விழித்திரையிலோ ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. உடம்பிலேயே அதிக அடர்த்தி இங்கேதான். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. விழித்திரைக்குள் ஓடும் ரத்தக்குழாய்களுக்குத் தன்னியக்க நரம்புகளின் கட்டுப்பாடு இல்லை, ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் உள்ளூரிலேயே முடிவு செய்தாக வேண்டும். அதோடு ஒளி விழும் திசுவில் ஒரு சொட்டு நீர் கூடத் தேங்கக் கூடாது, தேங்கினால் பார்வை கலங்கும். இரண்டு வேலைக்கும் பெரிசைட் வேண்டும்.

சரி, இந்தச் செல் சர்க்கரை நோயில் சாகிறது என்று எப்படித் தெரிந்தது? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1960க்கு முன்பு விழித்திரையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலையை வெட்டிக் குறுக்குவெட்டில் பார்த்தால் வலை தெரியுமா? அங்கங்கே புள்ளிகள்தான் தெரியும். பாஸ்டனில் டேவிட் கோகனும் தொய்ச்சிரோ குவபராவும் வேறு வழியில் போனார்கள். இறந்தவர்களின் கண்ணிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய விழித்திரையை டிரிப்சின் கரைசலில் ஊறவைத்தார்கள். டிரிப்சின் நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் அதே நொதிதான். நரம்புத் திசு முழுவதும் கரைந்து உதிர்ந்தது. ரத்தக்குழாய்களின் அடிச்சவ்வு டிரிப்சினுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ஆகவே குழாய் வலை மட்டும், மட்கிய அரச இலையின் நரம்பு வலை எஞ்சுவதுபோல, முழுதாக மிதந்து வந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் விரித்துச் சாயமேற்றினால் ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் எண்ணிவிடலாம். குழாயின் நீளவாக்கில் நீண்டு வெளிறிய உட்கரு இருந்தால் அது உட்சுவர்ச் செல். சுவரின் ஓரத்தில் உருண்டு, கருத்து, புடைத்துக்கொண்டிருந்தால் பெரிசைட்.

1961இல் டூசேன் என்பவரையும் சேர்த்துக்கொண்டு சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை பற்றி அவர்கள் எழுதினார்கள். பெரிசைட்டின் உருண்டை உட்கருக்கள் பல இடங்களில் காணவில்லை. அவை இருந்த இடத்தில் அடிச்சவ்வில் காலிப் பைகள் மட்டும் நின்றன. ஆள் போன பிறகும் நாற்காலியின் மெத்தை குழிந்தே கிடப்பதுபோல. ஆங்கிலத்தில் இதற்குப் "பேய்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் குழாய்ச் சுவர் குமிழாகப் புடைத்திருந்தது. இன்று மருத்துவர் கண்ணுக்குள் பார்த்து "சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி" என்று சொல்லும் மைக்ரோ அனூரிசம் அதுதான். இன்னும் சில தந்துகிகளில் இரண்டு வகைச் செல்லுமே இல்லை. வெறும் உறை கிடந்தது, அதில் ரத்தம் ஓடாது. அதே 1961இல்தான் அமெரிக்காவின் இந்தியானாவில் இரண்டு மருத்துவ மாணவர்கள், நோவாட்னியும் ஆல்விஸும், கையில் ஃப்ளோரசீன் சாயம் ஏற்றி உயிருள்ள மனிதரின் விழித்திரை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். செத்த கண்ணில் செல் இல்லாததையும் உயிருள்ள கண்ணில் கசிவதையும் ஒரே ஆண்டில் பார்க்க முடிந்தது என்பது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். பெரிசைட் போனதால் குழாய் கெட்டதா, குழாய் கெட்டதால் பெரிசைட் போனதா? இறந்தவரின் கண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடம் கழித்து, சர்க்கரையே இல்லாத எலிகளில்தான் பதில் கிடைத்தது.

உட்சுவர்ச் செல் பிடிஜிஎஃப்-பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. பெரிசைட்டின் மேல் அதைப் பிடிக்கும் ஏற்பி இருக்கிறது. புதிதாக நீளும் குழாய் இந்தப் புரதத்தை விட்டுத்தான் பெரிசைட்டைத் தன் பக்கம் அழைக்கிறது. சுவீடனில் கிறிஸ்டர் பெட்ஷோல்ட்ஸின் குழு இந்த மரபணுவை நீக்கிய எலிக்கருக்களை உருவாக்கி 1997இல் முடிவை வெளியிட்டது. அந்தக் கருக்களின் மூளைத் தந்துகிகளில் பெரிசைட் இல்லை, குழாய்களில் குமிழ் குமிழாகப் புடைப்பு, கடைசியில் ரத்தக்கசிவோடு பிறப்புக்குச் சற்று முன்பே மரணம். சர்க்கரை கிடையாது, வெறும் பெரிசைட் இல்லாமை மட்டுமே அந்தக் குமிழ்களைக் கொண்டுவந்தது. பிறகு 2002இல் உட்சுவர்ச் செல்லில் மட்டும் இந்தப் புரதத்தை நீக்கிய எலிகள் வந்தன. அவை உயிரோடு வளர்ந்தன, ஒவ்வொரு எலியிலும் எஞ்சிய பெரிசைட்டின் அளவு வெவ்வேறாக இருந்தது. வழக்கமான அடர்த்தியில் பாதிக்குக் கீழே போன எலிகளுக்கு, முற்றிய சர்க்கரை விழித்திரையில் பார்ப்பது போன்ற கோளாறுகள் வந்தன. பாதி வரை குழாய் தாங்குகிறது என்பதே என் மனதில் பதிந்த செய்தி. உங்கள் அப்பாவுக்குப் பல வருடம் பார்வையில் எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருந்ததற்கும் இப்படிப்பட்ட தாங்குதிறன் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அழைப்பு ஒருவழிதான் என்று எண்ண வேண்டாம். வந்து சேர்ந்த பெரிசைட் சும்மா இருப்பதில்லை. அது ஆஞ்சியோபாயட்டின்-1 என்ற புரதத்தைச் சுரக்கிறது. உட்சுவர்ச் செல்லின் மேலிருக்கும் டை-2 என்ற ஏற்பி அதைப் பிடித்ததும், செல் தன் தையல்களை இறுக்கிக்கொண்டு அமைதியாகிறது. ஜப்பானில் உயெமுராவின் குழு 2002இல் ஒரு அழகான சோதனை செய்தது. பிறந்த எலிக்குட்டிகளுக்கு, பெரிசைட்டின் ஏற்பியை மறைக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தார்கள். விழித்திரைக் குழாய்கள் பெரிசைட் இல்லாமல் வளர்ந்தன, வீங்கின, ரத்தம் கசிந்தது. பிறகு ஆஞ்சியோபாயட்டின்-1ஐ மட்டும் கண்ணுக்குள் செலுத்தினார்கள். பெரிசைட் திரும்பி வரவே இல்லை, ஆனால் குழாய்களின் வடிவம் பெருமளவு சீரானது. ஆள் வராவிட்டாலும் அவர் அனுப்பும் கடிதம் வந்தால் வீடு ஓரளவு நடக்கும் என்பதுபோல.

இன்னொரு பாதை தொடுகையால் மட்டும் நடப்பது. 1980களின் கடைசியில் பாஸ்டனில் பட்ரீசியா டமோரின் ஆய்வகத்தில் இரண்டு வகைச் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்தார்கள். ஒன்றையொன்று தொடும்படி வளர்த்தால் உட்சுவர்ச் செல்கள் பெருகுவதை நிறுத்தின. ஒரே நீரில், தொடாத தூரத்தில் வளர்த்தால் பெருகிக்கொண்டே போயின. தொட்டால்தான் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் உறக்க நிலையிலிருந்து செயல்படும் நிலைக்கு வருகிறது, அதுதான் பெருக்கத்தை அடக்குகிறது என்று கண்டார்கள். நானும் இப்படிப்பட்ட கூட்டு வளர்ப்புகளைச் செய்திருக்கிறேன். படிப்பதற்கு எளிதாக இருக்கும், செய்தால் பாதி நாள் பெரிசைட் தட்டு முழுவதும் பரவி, நாம் வைத்த விகிதத்தையே மாற்றிவிடும். வளர்ப்புத் தட்டின் முடிவுகளை அப்படியே கண்ணுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

இனி சர்க்கரைக்கு வருவோம். மிகுந்த குளுக்கோஸ் பெரிசைட்டை எப்படிக் கொல்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு நம்பகமாகத் தோன்றுவது 2009இல் பாஸ்டனின் ஜாஸ்லின் மையத்திலிருந்து வந்தது. மேலே சொன்ன பிடிஜிஎஃப்-பி பெரிசைட்டை அழைப்பது மட்டுமில்லை, "பிழைத்திரு" என்ற சேதியையும் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் மிகும்போது பெரிசைட்டுக்குள் பிகேசி-டெல்டா என்ற நொதி விழித்துக்கொள்கிறது, அது எஸ்எச்பி-1 என்ற இன்னொரு நொதியைக் கூட்டுகிறது. எஸ்எச்பி-1 ஏற்பியின் மேல் ஒட்டிய பாஸ்பேட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறது. சேதி வாசல்வரை வருகிறது, உள்ளே கேட்பதில்லை. கேட்காத செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. இதில் கவலை தரும் பகுதி ஒன்று உண்டு. சர்க்கரை வந்த எலிகளுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த பிறகும் பிகேசி-டெல்டா அடங்கவில்லை.

சர்க்கரையை இறக்கினாலும் கண் உடனே கேட்காது என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1987இல் எங்கர்மனும் கெர்னும் நாய்களில் செய்த சோதனை: இரண்டரை வருடம் மோசமான கட்டுப்பாடு, அடுத்த இரண்டரை வருடம் நல்ல கட்டுப்பாடு. முதல் பாதி முடிவில் கண்ணில் அநேகமாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நல்ல கட்டுப்பாட்டில் இருந்த இரண்டாம் பாதியில் விழித்திரை நோய் வளர்ந்தது. மனிதர்களிலும் இதன் சாயல் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரை வைத்து நடந்து 1993இல் வெளிவந்த டிசிசிடி ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு விழித்திரை நோய் புதிதாக வரும் அபாயத்தை 76 சதவீதம் குறைத்தது. ஆய்வு முடிந்து இரண்டு குழுக்களின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகும், முன்பு நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களின் கண் பல வருடம் மேலாகவே இருந்தது. முன்பு கட்டுப்படுத்தாதவர்களுக்கோ பழைய கணக்கு தொடர்ந்து வந்தது. இதைக் கட்டுப்பாடு வீண் என்று படித்துவிடாதீர்கள். காலத்தோடு செய்தால் பலன் பெரிது என்பதுதான் இதன் பொருள். சென்னையில் நடந்து 2005இல் வெளிவந்த க்யூர்ஸ் கண் ஆய்வில், நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. அதில் பலருக்குப் பார்வைக் குறை எதுவும் தெரிந்திருக்காது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், நீங்கள் படித்தது சரிதான், பெரிசைட் சாகிறது, அதனால் கசிகிறது, கதை முடிந்தது என்று தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2017இல் தென்கொரியாவிலிருந்து கோ கூ யங்கின் குழு வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தை அசைத்தது. வளர்ந்த எலியின் விழித்திரையில் பெரிசைட்டுகளை மட்டும் குறிவைத்து நீக்கிப் பார்த்தார்கள். கசியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கசியவில்லை. வளரும் குட்டியில் பெரிசைட் இல்லாவிட்டால் குழாய் சிதைகிறது. ஆனால் ஒருமுறை முதிர்ந்துவிட்ட குழாய், பெரிசைட் போன பிறகும் தையலைக் காத்துக்கொள்கிறது. அப்படியானால் பெரிசைட் போவதால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. பெரிசைட் இல்லாத உட்சுவர்ச் செல் விஇஜிஎஃப் என்ற புரதத்துக்கு மிகை உணர்ச்சி கொண்டதாகிவிடுகிறது. கொஞ்சம் விஇஜிஎஃப் வந்தாலே அது ஆஞ்சியோபாயட்டின்-2ஐச் சுரக்கத் தொடங்குகிறது. இந்த இரண்டாம் எண், முன்பு சொன்ன முதல் எண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைக் கெடுப்பது. தையல் தளர்கிறது, தளர்ந்த செல் இன்னும் அதிகமாக இரண்டாம் எண்ணைச் சுரக்கிறது. வட்டம் தானே சுற்றத் தொடங்கிவிடும்.

ஆகவே பெரிசைட் சாவு கசிவைக் கொண்டுவருகிறது என்பதை விட, கசிவுக்குக் குழாயைத் தயார்செய்து வைக்கிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வைக்கோல் காய்ந்து கிடக்கிறது, நெருப்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த நெருப்புக்கு, அதாவது விஇஜிஎஃபுக்கு, ஒரு முக்கிய ஊற்று இன்னொரு துணைச் செல்: முல்லர் செல். 1851இல் ஹைன்ரிக் முல்லர் விவரித்தது. விழித்திரையின் உள் விளிம்பிலிருந்து ஒளியுணர் செல்கள் வரை, பந்தற்கால் போல முழுத் தடிமனையும் ஊடுருவி நிற்கும் செல். போகிற வழியில் தந்துகிகளையும் கைகளால் தழுவிக்கொள்ளும். நல்ல நாளில் இதுவும் குழாய்க்குத் துணைதான். இது சுரக்கும் நாரின் என்ற புரதம் இல்லாவிட்டால் விழித்திரைக் குழாய்கள் ஒழுங்காக அமையவே அமையாது. அதன் மரபணு கெட்டவர்களுக்குப் பிறவியிலேயே பார்வை பறிபோகும், நாரி நோய் என்று பெயர். எலிகளில் முல்லர் செல்களை அழித்துப் பார்த்தபோதும் ரத்தக்குழாய்த் தடுப்பு உடைந்தது.

அதே முல்லர் செல் மூச்சு முட்டும்போது விஇஜிஎஃப் சுரக்கிறது. கோகன் கண்ட வெற்று உறைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தந்துகிகளில் ரத்தம் ஓடவில்லை, சுற்றிலும் ஆக்சிஜன் பஞ்சம். முல்லர் செல்லின் பார்வையில் அது செய்வது நியாயமான காரியம், "இங்கே புதுக் குழாய் போடு" என்று கேட்கிறது. கருவில் விழித்திரை வளரும்போதும் இதே வேண்டுகோள்தான் வேலை செய்தது. நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட் செல்கள் முன்னால் பரவி விஇஜிஎஃப் விட்டன, குழாய் அதை மோப்பம் பிடித்துப் பின்னால் நீண்டது, நீண்ட குழாய் பிடிஜிஎஃப்-பி விட்டுப் பெரிசைட்டை அழைத்தது. வரிசை அழகானது. சர்க்கரை விழித்திரையில் வேண்டுகோள் மட்டும் எழுகிறது, கேட்டுக் கட்டுப்பாடோடு நடக்கப் பெரிசைட் இல்லை. பக்கத்திலிருக்கும் குழாய் தையலை அவிழ்க்கிறது, மாக்குலா, அதாவது கூர்மையான பார்வைக்குரிய விழித்திரையின் நடுப்பகுதி, வீங்குகிறது. முற்றினால் ஒழுங்கில்லாத புதுக் குழாய்கள் முளைத்து ரத்தம் கொட்டுகின்றன. எலிகளில் முல்லர் செல்லிலிருந்து மட்டும் விஇஜிஎஃபை நீக்கிச் சர்க்கரையை உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள், கசிவும் அழற்சியும் குறைந்தன.

இப்போது ஊசிக்கு வரலாம். பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் என்று பெயர் எதுவாக இருந்தாலும் அவை செய்வது ஒன்றுதான்: கண்ணுக்குள் மிதக்கும் விஇஜிஎஃபைப் பிடித்து வைத்துக்கொள்வது. நெருப்பு அணைகிறது, தையல் மீண்டும் இறுகுகிறது, வீக்கம் வடிகிறது. ஆனால் முல்லர் செல் சுரப்பதை நிறுத்தவில்லை, காய்ந்த வைக்கோல் அப்படியே கிடக்கிறது. மருந்து கண்ணிலிருந்து மெல்ல வெளியேறியதும் பழையபடி தொடங்குகிறது. அப்பாவுக்கு நடப்பது இதுதான். ஊசி வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, அது தொடும் இடம் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

முந்தைய கண்ணியையும் பிடிக்கலாமே என்று மருந்துக்காரர்களும் யோசித்தார்கள். ஃபாரிசிமாப் என்ற மருந்து ஒரே மூலக்கூறின் ஒரு கையால் விஇஜிஎஃபையும் மறு கையால் ஆஞ்சியோபாயட்டின்-2ஐயும் பிடிப்பது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யோசெமிட்டி, ரைன் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளில், இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும் முறையில் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு வருட முடிவில் 16 வாரத்துக்கு ஒரு ஊசி போதுமானதாக இருந்தது. பார்வையில் கிடைத்த முன்னேற்றம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போட்ட அஃப்ளிபர்செப்டுக்குச் சமம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அஃப்ளிபர்செப்ட் போட்டுக்கொண்டவர்களுக்கு இடைவெளியை நீட்டிப் பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் எட்டு வாரம்தான். நீட்டிப் பார்த்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தாங்கியிருப்பார்கள் என்று அந்த ஆய்வுகளிலிருந்து கணக்கிட முடியாது. அஃப்ளிபர்செப்டோடு ஆஞ்சியோபாயட்டின்-2ஐத் தடுக்கும் தனி மருந்தைச் சேர்த்துப் பார்த்த முந்தைய முயற்சி ஒன்று, பார்வையைக் கூடுதலாக எதுவும் உயர்த்தவில்லை. எலியில் அழகாக இருக்கும் பாதை மனிதக் கண்ணில் அந்த அளவு பேசாது என்பதற்கு நான் பார்த்த பல உதாரணங்களில் இது ஒன்று.

பெரிசைட்டைப் பற்றி இன்னொரு தோல்விக் கதையும் சொல்லிவிடுகிறேன், அதில் பாடம் அதிகம். முதுமையில் வரும் ஈர மாக்குலா நோயில் விழித்திரைக்கு அடியிலிருந்து தேவையில்லாத குழாய்கள் முளைக்கும். விஇஜிஎஃபைத் தடுத்தால் அவற்றின் புது நுனிகள் சுருங்கும், ஆனால் பெரிசைட் போர்த்திய பகுதி சாகாது. 1998இலேயே இஸ்ரேலில் கெஷெட்டின் குழு காட்டியது இது: பெரிசைட் வந்து சேரும்வரைதான் குழாய் விஇஜிஎஃப் இல்லாமல் வாடும், வந்த பிறகு தாங்கிக்கொள்ளும். சரி, பிடிஜிஎஃப்-பியைத் தடுத்துப் பெரிசைட்டை உரித்துவிட்டு அப்புறம் ஊசி போட்டால்? ஃபோவிஸ்டா என்ற மருந்து அந்த எண்ணத்தில் பிறந்தது. 449 பேரில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் பார்வை அட்டையில் ரானிபிசுமாப் மட்டும் போட்டவர்களுக்கு 6.5 எழுத்து, ஃபோவிஸ்டாவும் சேர்த்தவர்களுக்கு 10.6 எழுத்து என்று முன்னேற்றம் வந்தது. துறையே கொண்டாடியது. 2016 டிசம்பரில் மூன்றாம் கட்ட முடிவு வந்தபோது கூடுதல் பலன் ஒன்றுமே இல்லை. உங்கள் அப்பாவின் நோயில் காப்பாற்ற வேண்டிய செல்லை அங்கே ஒழிக்கப் பார்த்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஒரே செல், ஒரே பிடிப்பு, எந்தக் குழாயைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேண்டியதும் வேண்டாததும் ஆகிறது.

ஓட்டையை அடைக்க முடியாதா என்று கேட்டீர்கள். சொல்லுக்குச் சொல் அடைப்பது என்றால் லேசர் அதைத்தான் செய்கிறது, கசியும் குமிழ்களைக் குறிவைத்துச் சுடுவார்கள். 1985இல் வெளிவந்த ஈடிடிஆர்எஸ் என்ற அமெரிக்க ஆய்வில் மூன்று வருடத்தில் கணிசமாகப் பார்வை இழந்தவர்கள் லேசர் இல்லாமல் 24 சதவீதம், லேசரோடு 12 சதவீதம். ஆனால் போன பார்வையை அது பெரிதாக மீட்டுத் தரவில்லை, சுட்ட இடத்தில் தழும்பும் மிஞ்சும். அதனால்தான் மாக்குலாவின் நடுப்பகுதி வீங்கியவர்களுக்கு இன்று ஊசி முன்னால் வருகிறது. இறந்த பெரிசைட்டின் இடத்தை நிரப்புவதுதான் உண்மையான அடைப்பு. கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை எலியின் கண்ணில் செலுத்தி, அவை தந்துகியைத் தழுவிக்கொண்டு பெரிசைட் வேலை பார்ப்பதை 2013இல் காட்டியிருக்கிறார்கள். எலியில் மட்டும். இதைச் சொல்லிக் கண்ணில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியோடு செய்யக்கூடியவை பழைய விஷயங்கள்தான். பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில் ரத்த அழுத்தத்தை இறுக்கிக் கட்டுப்படுத்தியதே விழித்திரை நோய் வளர்வதை 34 சதவீதம் குறைத்தது. பெரிசைட் இல்லாத சுவரில் அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட் என்ற மலிவான மாத்திரையும் ஆரம்பநிலை விழித்திரை நோய் வளர்வதைக் குறைக்கிறது என்று 2024இல் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு நல்ல ஆய்வு வந்தது. சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதனால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. ஐந்து மாதம் பார்த்துவிட்டு, இது ஆயுள் முழுக்க மாதாமாதம் என்று மனதில் கணக்குப் போட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ரானிபிசுமாபைப் பற்றி நடந்த நெட்டோட்ட ஆய்வு ஒன்றில் ஐந்து வருடம் தொடர்ந்து எண்ணியிருக்கிறார்கள். முதல் வருடம் எட்டு அல்லது ஒன்பது ஊசி, இரண்டாம் வருடம் இரண்டு அல்லது மூன்று, மூன்றாம் வருடம் ஒன்று அல்லது இரண்டு. ஐந்தாம் வருடத்தில் பாதிப் பேருக்கு மேல் ஒரு ஊசியும் தேவைப்படவில்லை, கிடைத்த பார்வையும் பெரும்பாலும் நின்றது. பெரிசைட் திரும்பி வந்ததாக யாரும் காட்டவில்லை. அப்படியிருந்தும் அந்த வட்டத்தைப் போதிய நாள் நிறுத்தி வைத்தால் பலருக்கு அது பழைய வேகத்தில் மீண்டும் சுற்றுவதில்லை. உங்கள் அப்பா இன்னும் முதல் வருடத்தில்தான் இருக்கிறார்.